கார் ஷெட்டா, கார் ஏறும் தரையா: முதலில் எதில் பணம் போடுவது?

சென்னையில் கே.கே. நகர், அண்ணா நகர், நங்கநல்லூர் பக்கம் 1970, 80-களில் கட்டிய தனி வீடுகள் பலவற்றில் ஓரமாக ஒரு கார் ஷெட் இருக்கும். மூன்று பக்கம் செங்கல் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், முன்னால் தகரம் அடித்த இரட்டைக் கதவு. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் கார் வெளியே வெயிலில் நிற்கும். உள்ளே பழைய ஆட்டுக்கல், மீந்துபோன டைல்ஸ் பெட்டி, காற்றிறங்கிய சைக்கிள், எதற்கும் ஆகும் என்று எடுத்து வைத்த பி.வி.சி. பைப் துண்டுகள். ஒரு மழையில் ஷீட் ஒழுகத் தொடங்கியதும் வீட்டில் பேச்சு எழும்: இடித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா? அப்படியே வாசல் தரையையும் சரி பண்ணிவிடலாமா?

அந்த ‘அப்படியே’யில்தான் பணம் வீணாகிறது. ஷெட்டுக்கு முக்கால்வாசிப் பணத்தைப் போட்டுவிட்டு, கையில் மிஞ்சியதை வைத்துத் தரையில் எதையாவது கொட்டி மூடுகிறோம். வரிசை தலைகீழாக இருக்கவேண்டும் என்பது என் கட்சி. கூரையை எப்போது வேண்டுமானாலும் இரண்டு மூன்று நாளில் மாற்றலாம். தரை அப்படியில்லை. கார் அடி தட்டாமல் ஏறுமா, மழைத் தண்ணீர் தெருவுக்குப் போகுமா வீட்டுக்குள் வருமா, ஷெட் எந்த உயரத்தில் நிற்கவேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது தரைதான். தரை சரியானபின் ஷெட்டே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு.

மட்டம் பார்க்காமல் மேஸ்திரியைக் கூப்பிடாதீர்கள்

இதற்கு என்ஜினியர் தேவையில்லை. கொத்தனார்கள் வைத்திருக்கும் ட்யூப் லெவல் போதும். முப்பது அடி நீளத்துக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், அதில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பிய தண்ணீர். ஒரு முனையை வீட்டு வாசற்படியில் ஒருவர் பிடிக்கவேண்டும், மறுமுனையை நீங்கள் கேட் தூணில் சாய்த்துப் பிடிக்கவேண்டும். தண்ணீர் ஆடி அடங்கும்வரை பொறுத்து, இரண்டு பக்கமும் நீர் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து கீழே வீட்டுத் தரை எத்தனை அங்குலம், முன்வாசல் எத்தனை, ஷெட் தரை எத்தனை, நடுச்சாலை எத்தனை என்று டேப்பால் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குழாய்க்குள் குமிழி இருந்தால் கணக்கு பொய்யாகும். தட்டித் தட்டி வெளியேற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இந்த நாலு எண்கள் கையில் இல்லாமல் வாங்குகிற எந்தக் கொட்டேஷனும் வெறும் ஊகம்.

பழைய வீடுகளில் இந்த எண்கள் பெரும்பாலும் கவலை தரும். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு கொஞ்சம் உயர்ந்திருக்கும். கட்டும்போது சாலையைவிட இரண்டடி மேலே இருந்த வீடு இப்போது சாலைக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ இருக்கும். 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுச் சாலை போடவேண்டும், சாலை உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் போகக்கூடாது என்று அதிகாரிகளுக்கு எழுதினார். அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெருக்கள் உயர்ந்தபடியேதான் இருக்கின்றன.

இந்த நிலையில் மேஸ்திரி சொல்லப்போவது உங்களுக்கே தெரியும்.

“சார், பேசாம ஒரு அடி கிராவல் அடிச்சு ஏத்திடலாம். ரோடு லெவலுக்கு வந்துடும், பிரச்சினையே இல்ல.”

“ஏத்தினா தண்ணி வீட்டுப் பக்கம் திரும்பாதா, மேஸ்திரி?”

“அதுக்கு வாசப்படில ஒரு சின்ன கட்டை கட்டிடலாம் சார்.”

அந்தச் சின்னக் கட்டையை நம்பி முற்றத்தை உயர்த்தாதீர்கள். வீட்டின் தரைமட்டம் சுற்றியுள்ள நிலத்தைவிடக் குறைந்தது 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. கார் நிறுத்தும் இடத்துக்கும் ஷெட்டுக்கும் 15 சென்டிமீட்டர். அதாவது ஷெட் தரை முற்றத்தைவிட ஒரு படி மேலே, வீட்டுத் தரை அதைவிட இன்னும் மேலே. பழைய வீட்டில் முழு 45 கிடைக்காமல் போகலாம். அப்படியானால் இருப்பதைக் குறைக்காமலாவது இருக்கவேண்டும். முற்றத்தில் ஒரு அடி மண் அடித்தால் வீட்டுச் சுவரின் ஈரத்தடுப்புப் பட்டையும் மண்ணுக்குள் போய்விடும். அப்புறம் ஹால் சுவரில் உப்புப் பூத்துப் பெயிண்ட் உரியும். அதற்குப் பெயிண்டரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

சரி, முற்றத்தை உயர்த்தாமல் கேட்டில் சரிவு வைத்தால்? வண்டிச் சரிவு எட்டுக்கு ஒன்று என்பதைவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது என்பது கட்டடத் துறையில் புழங்கும் கணக்கு. ஓர் அடி இறக்கத்துக்கு எட்டடி நீளம், ஒன்றரை அடி இறக்கத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். கேட்டிலிருந்து வீடு வரைக்கும் பதினைந்து அடிதான் என்றால் கார் முழுநேரமும் சரிவில்தான் நிற்கும், ஹேண்ட்பிரேக்கை நம்பி. இதோடு இன்னொன்று: சாதாரண ஹேட்ச்பேக் காரின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் 16, 17 சென்டிமீட்டர்தான் இடைவெளி. சரிவு சட்டென்று தொடங்கி சட்டென்று முடிந்தால் கேட் வரப்பில் வயிறு தட்டும். மேலேயும் கீழேயும் மூன்றடி தூரத்துக்குப் பாதிச் சரிவு வைத்து, நடுவில் முழுச் சரிவு வைக்கச் சொல்லுங்கள்.

சரிவைக் கேட்டுக்கு வெளியே தள்ளிவிடலாம் என்பதுதான் பலர் எடுக்கும் குறுக்குவழி. காம்பவுண்டுக்கு அப்பால் இருப்பது உங்கள் இடமில்லை. நடைபாதையை மறித்த சரிவுகளையும், மழைநீர் வடிகாலின் மேல் போட்ட கான்கிரீட்டையும் மாநகராட்சி உடைத்து எடுக்கும். நடந்துபோகும் வயதானவர்கள் உங்கள் சரிவுக்காகச் சாலையில் இறங்கவேண்டியிருக்கும் என்பதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் எங்கே போகும்?

கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே 300 சதுர அடி தரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், ஏறக்குறைய 28 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் மழை ஒரே நாளில் கொட்டினால் அந்தத் தரையில் மட்டும் 2,800 லிட்டர் விழும். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அந்தக் கணக்கில் வருடத்துக்கு 39,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்று வந்து நின்ற மாதிரி. மொட்டை மாடித் தண்ணீர் இதில் சேரவில்லை.

2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அன்று கட்டிய தொட்டிகள் பலவும் இன்று மண்ணும் சருகும் அடைத்துப் பேருக்கு இருக்கின்றன. தரையை எப்படியும் தோண்டப்போகிறீர்கள், அதையும் தூர்வாரிவிடுங்கள். கேட்டின் உட்பக்கம் முழு அகலத்துக்கும் குறுக்காக ஒரு சிறு வாய்க்கால், அதன்மேல் கம்பி வலை மூடி, அங்கிருந்து ஒரு பைப் வழியாகக் கசிவுக் கிணற்றுக்கு. தெருவுக்கு ஓடவிருந்த தண்ணீர் உங்கள் மண்ணிலேயே இறங்கும். சாலை உயர்ந்திருந்தால் அங்கிருந்து வரும் தண்ணீரையும் இந்த வாய்க்கால் ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஆனால் சாலைத் தண்ணீரில் சாக்கடை கலக்கும் தெரு என்றால் கிணற்றுக்கு விடாதீர்கள், வடிகாலுக்கே அனுப்புங்கள்.

மண்ணையும் பார்க்கவேண்டும். திருவான்மியூர், சாந்தோம் போன்ற கடற்கரைப் பகுதி மணலில் ஆழமில்லாத குழியே தண்ணீரைக் குடித்துவிடும். மேற்கு மாம்பலம், பெரம்பூர், விருகம்பாக்கம் களிமண்ணில் அது நடக்காது. களியைத் தாண்டி மணல் படுகை வரைக்கும் துளை இறக்கவேண்டும். ஆதம்பாக்கம், கிண்டிப் பக்கம் கீழே பாறை.

தரைக்குச் சரிவு அறுபதுக்கு ஒன்று வைத்தால் போதும், பத்தடிக்கு இரண்டு அங்குலம். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

தரைக்கு என்ன போடுவது

நாலைந்து வழிகள் உண்டு. உண்மையில் பெரும்பாலான வீடுகளுக்குப் போட்டி இரண்டுக்குள்தான்: கான்கிரீட்டா, பேவர் பிளாக்கா.

கான்கிரீட்டின் பலம், ஒழுங்காகப் போட்டால் கால் நூற்றாண்டுக்குத் திரும்பிப் பார்க்கவேண்டியதில்லை. ஒழுங்காக என்பதற்கு அர்த்தம் உண்டு. அடியில் கிராவல் அடித்துத் தண்ணீர் விட்டு இறுக்கவேண்டும். மேலே நாலிலிருந்து ஐந்து அங்குல கனம், எம்-20 கலவை, கம்பி வலை. பத்தடிக்கு ஒரு வெட்டு அவசியம். கான்கிரீட் விரிசல் விட்டே தீரும். எங்கே விடவேண்டும் என்று நாம் சொல்லிவிடுவதுதான் அந்த வெட்டு. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. சிமென்ட், அதற்குப் பத்து நாள் தண்ணீர் கட்டவேண்டும். முழு வலுவுக்கு 28 நாள். இரண்டு வாரத்துக்கு முன் காரை ஏற்றவே வேண்டாம். மேற்பரப்பை வழவழவென்று தேய்க்க மேஸ்திரிக்குக் கை அரிக்கும், விடாதீர்கள். விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுத்த சொரசொரப்புதான் மழையில் காலையும் டயரையும் பிடிக்கும்.

பலவீனம் என்னவென்றால், நாளைக்கு அடியில் ஒரு பைப் உடைந்தால் உடைத்துத்தான் ஆகவேண்டும். ஒட்டுப் போட்ட இடம் கடைசிவரைக்கும் ஒட்டாகவே தெரியும்.

பேவர் பிளாக்கின் பலமும் இங்கேதான். பத்துக் கல்லைப் பெயர்த்து, பைப்பைச் சரி செய்து, அதே கல்லைத் திரும்ப வைத்துவிடலாம். போட்ட மறுநாளே காரை ஏற்றலாம். ஆனால் இதில்தான் ஏமாற்றும் அதிகம். இந்திய தர நிர்ணயப்படி நடைபாதை மாதிரி வண்டி ஏறாத இடத்துக்கு 50 மில்லிமீட்டர் கனம், இலகுவான வண்டிகளுக்கு 60, அதற்கு மேல் 80. கார் மட்டும் ஏறும் வீட்டுக்கு 60 போதும். தண்ணீர் லாரி உள்ளே வரும் வீடு என்றால் 80 வாங்குங்கள். கொட்டேஷனில் ‘பேவர் பிளாக்’ என்று மட்டும் எழுதியிருந்தால், வந்து இறங்குவது 50-ஆக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் லோடு இறங்கும்போதே ஒரு கல்லை எடுத்து ஸ்கேலால் அளந்துவிடுங்கள். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் ‘கணீர்’ என்று கேட்கவேண்டும். மந்தமாகக் கேட்டால் சரியாக இறுகாத கல்.

கல் நன்றாக இருந்தும் தரை அலையலையாகப் போவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, ஓரக்கட்டை இல்லாதது. பேவர் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டுதான் நிற்கின்றன. சுற்றிலும் கான்கிரீட்டில் பதித்த கெர்ப் இல்லையென்றால் ஒவ்வொரு முறை டயர் திரும்பும்போதும் ஓரக் கல் ஒரு நூல் நகரும், பின்னாலேயே எல்லாம் நகரும். இரண்டாவது, அடியில் உள்ள மணல். மட்டம் சரிசெய்யும் வேலையை மணலால் செய்யக்கூடாது, அது கிராவலின் வேலை. இறுக்கிய கிராவலுக்கு மேல் ஒரே சீராக ஒன்றரை அங்குல மணல், அவ்வளவுதான். நாலு அங்குல மணல் கொட்டி மட்டப்படுத்திய இடத்தில் முதல் மழையிலேயே டயர் தடம் பள்ளமாகும்.

பேவர் போட்டால் தண்ணீர் பூமிக்குள் இறங்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். இடுக்கில் கொஞ்சம் இறங்கும், பெருமழைக்கு அது காணாது. நம் ஊரில் பலர் அடியில் கான்கிரீட் போட்டு, இடுக்கில் சிமென்ட் பால் ஊற்றியும் விடுகிறார்கள். அப்புறம் அதில் ஒரு சொட்டும் இறங்காது, பெயர்த்து மறுபடி வைக்கவும் முடியாது. கான்கிரீட்டின் குறையும் பேவரின் செலவும் ஒன்றாகச் சேர்ந்த தரை அது.

பார்க்கிங் டைல்ஸ் இப்போது எங்கும் தென்படுகிறது. பார்வைக்கு லட்சணம், கழுவ எளிது, கோலம் எடுப்பாகத் தெரியும். அடியில் கலவை முழுதாகப் பரவாமல் வெற்றிடம் இருந்தால் காரின் முன் சக்கரம் திரும்பும் இடத்தில் உடையும். தனித்தனி உருண்டையாகக் கலவை வைத்து டைல்ஸ் ஒட்டுகிற ஆள் என்றால் வேலையை நிறுத்துங்கள். கடப்பா கல் வெயிலில் அடுப்பு. செருப்பில்லாமல் நிற்க முடியாது. கருங்கல் காபிள் பிள்ளைகள் காலத்துக்கும் உழைக்கும், விலையும் அப்படி. நடுவில் துளையுள்ள புல் பேவர் நாள் முழுதும் கார் நிற்கும் இடத்துக்குச் சரிவராது. நிழலில் புல் செத்து வெறும் மண்ணாகும்.

எதைப் போட்டாலும், அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சென்னை வீடுகளில் தண்ணீர் சம்ப் வாசலுக்குக் கீழே இருப்பது சகஜம். மாருதி 800-ன் எடை சுமார் 650 கிலோ. இன்னோவா கிரிஸ்டா 1,800 கிலோவைத் தொடும். அன்றைய காரை நினைத்துப் போட்ட சம்ப் ஸ்லாபின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி தெரிந்து துரு உதிர்ந்தால் தரை வேலை அங்கேதான் தொடங்கவேண்டும். சம்ப் மூடியிலும் தரம் அச்சிட்டிருக்கும்: எல்.டி. 2.5 ஆள் நடக்க, எம்.டி. 10 கார் ஏற.

இனி ஷெட்

தரைக் கணக்கு முடிந்தபின் ஷெட்டுக்கு வரலாம். முதல் கேள்வி கட்டடத்தைப் பற்றியது இல்லை: இந்த வீட்டை இன்னும் எத்தனை வருடம் இப்படியே வைத்திருக்கப்போகிறீர்கள்? பழைய தனி வீடுகளின் வாசலில் பில்டர்கள் வந்து ஜாயின்ட் வென்ச்சர் பேசுகிற காலம். ஐந்து வருடத்தில் வீடு அடுக்குமாடியாகப் போகும் என்று உள்ளுக்குள் தெரிந்தால், கான்கிரீட்டும் வேண்டாம், போர்டிகோவும் வேண்டாம். பேவர் போடுங்கள், ஷீட்டை மட்டும் பாருங்கள். கல்லையும் இரும்பையும் கழற்றி விற்கலாம்.

இங்கேயே இருக்கப்போகிறோம் என்றால், டேப்பை எடுத்து ஷெட்டின் உள் அகலத்தை அளங்கள். அந்தக் காலத்து ஷெட் அம்பாசிடருக்குக் கட்டியது. அதன் அகலம் 1.66 மீட்டர். மாருதி 800 இன்னும் ஒல்லி, 1.44. இன்றைய கிரேட்டா 1.79, கண்ணாடிகளையும் சேர்த்தால் 2 மீட்டரைத் தாண்டும். எட்டடி அகல ஷெட்டில் கிரேட்டாவை நுழைத்தால் இரண்டு பக்கமும் சேர்த்தே 65 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். ஒரு பக்கச் சுவரை ஒட்டி நிறுத்தி, மறுபக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கவேண்டும். திறந்தவெளியில் ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் பொதுக் கணக்கு; மூன்று பக்கம் சுவர் என்றால் பத்தடிக்குப் பதினெட்டடி இல்லாமல் சௌகரியப்படாது. உங்கள் ஷெட் அதைவிடச் சிறியது என்றால் கூரையை மாற்றினாலும் கார் உள்ளே போகப்போவதில்லை. உங்களுக்கு வேண்டியது கார் ஷெட் இல்லை, ஒரு ஸ்டோர் ரூம். அதை ஒப்புக்கொண்டால் செலவு பாதியாகும்: ஷெட்டை ஸ்டோர் ரூமாகவே விட்டு ஷீட்டை மாற்றுங்கள், காருக்கு முன்னால் ஒரு திறந்த பந்தல் போடுங்கள்.

அகலம் போதும், சுவர் எப்படி? பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தால் கவலைப்படவேண்டாம். மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி குறுக்காக ஏறும் விரிசல், விரல் நுனி நுழையும் அளவு இருந்தால், அஸ்திவாரம் இறங்கியிருக்கிறது அல்லது பக்கத்து மரத்தின் வேர் தூக்கியிருக்கிறது. கதவுக்கு மேலே உள்ள லிண்டலில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிந்தாலும் அப்படியே. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் மேலே புதுக் கூரை போடுவது வீண் செலவு, இடித்துவிடலாம். இரண்டும் இல்லையென்றால் சுவரை இடிக்காதீர்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவைக் கேட்டுப்பாருங்கள், பழைய சுவர் மேல் மரியாதை வரும்.

கூரைக்கு நம் ஊரில் பெரும்பாலும் போடுவது கலர் கோட்டட் தகர ஷீட். அரை மில்லிமீட்டர் கனத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள். வெயிலில் சூடாகும், மழையில் மத்தளம் கொட்டும். படுக்கையறை ஜன்னலை ஒட்டி ஷெட் என்றால் ஐப்பசி முழுதும் தூக்கம் போச்சு. அங்கே மட்டும் நடுவில் நுரை வைத்த பஃப் பேனல் செலவுக்குத் தகும். பாலிகார்பனேட் ஷீட் வெளிச்சம் தரும், சில வருடத்தில் மஞ்சளிக்கும், பக்கத்தில் தென்னை இருந்தால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆர்.சி.சி. போர்டிகோ போடுகிறவர்களுக்கு அதன் மேலே ஒரு பால்கனியோ அறையோ மனதில் இருக்கும். அப்படியானால் அது ஷெட் வேலையே இல்லை, கட்டட வேலை. அஸ்திவாரம், செட்பேக், அனுமதி எல்லாம் சேர்ந்து வரும், உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்காமல் தொடங்கக்கூடாது.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது எத்தனையோ வீட்டுக் கூரை ஷீட்டுகள் தெருவில் கிடந்தன. காற்று ஷீட்டை மேலிருந்து அழுத்தியல்ல, அடியில் புகுந்து தூக்கித்தான் பெயர்க்கிறது. திறந்த பந்தலுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். இரும்புத் தூணைத் தரைமேல் பிளேட் வைத்து நாலு போல்ட்டில் நிறுத்துவதுதான் வெல்டர்களின் வழக்கம். வேகமான வேலை, ஆனால் தூக்கு விசைக்கு ஈடுகொடுக்காது. தூண்களை இரண்டடி ஆழக் குழியில் இறக்கிக் கான்கிரீட் போடச் சொல்லுங்கள். இதனால்தான் தூண் குழிகள் தரை வேலைக்கு முன்பே முடிந்திருக்கவேண்டும். ஷெட்டின் தண்ணீர் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்குள் விழாதபடி சாய்வையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் முதல் மழையிலேயே மதில் மேல் ஒரு தலை எட்டிப்பார்க்கும்.

ஆஸ்பெஸ்டாஸை இறக்கும் நாள்

பழைய ஷீட்டை இறக்குவதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். ஆஸ்பெஸ்டாஸ் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆஸ்திரேலியா 2003 முடிவிலும் ஐரோப்பிய ஒன்றியம் 2005-லும் தடை செய்துவிட்டன. இந்தியாவில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் விற்பனை தடைசெய்யப்படவில்லை. உடையாமல் மேலே கிடக்கும் ஷீட்டால் பெரிதாகத் தீங்கில்லை. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளையிடும்போதும் பறக்கும் நார்த்தூசிதான் நுரையீரலில் போய் உட்காரும், பல வருடம் கழித்து வேலையைக் காட்டும்.

வழக்கமாக நடப்பது என்ன? ஒருவர் மேலே ஏறிச் சுத்தியலால் நாலு போடு போடுவார், கீழே விழுந்ததை இன்னொருவர் மண்வெட்டியால் அள்ளுவார், இருவர் வாயிலும் துணிகூட இருக்காது. அப்படி நடக்க விடாதீர்கள். முந்தின நாளே பேசிவிடுங்கள். ஹோஸ் பைப்பால் மெல்லத் தண்ணீர் தெளித்து ஷீட்டை முழுக்க நனைக்கவேண்டும், வேகமாகப் பீய்ச்சக்கூடாது. துருப்பிடித்த ஜே-போல்ட்டுகள் கழறாது. நட்டை வெட்டி எடுக்கலாம், ஷீட்டை அறுக்கக்கூடாது. ஷீட்டின்மேல் கால் வைக்காமல் ஆங்கிளுக்கு மேல் பலகை போட்டு ஏறவேண்டும். பழைய ஷீட் உடைந்து ஆள் கீழே விழுவது தூசியைவிட உடனடி ஆபத்து. முழு ஷீட்டாகக் கைமாற்றி இறக்கி, கனமான பாலிதீனில் சுற்றிக் கட்டுங்கள். வேலையாட்களுக்கு என்-95 முகக்கவசமாவது நீங்களே வாங்கிக் கொடுங்கள். விழுந்த துகள்களைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து அதையும் கட்டிவிடுங்கள்.

உடைந்த ஷீட்டைத் தரைக்கு அடியில் ரப்பிஷாகக் கொட்டி நிரப்புவது இன்னொரு வழக்கம். மேஸ்திரிக்கு லாரி வாடகை மிச்சம். அடுத்தமுறை பைப்புக்குத் தோண்டுகிறவன் அதைச் சுத்தியலால் உடைப்பான். என்ன பொருள் என்று சொல்லி மாநகராட்சியிடமே கேட்டு அப்புறப்படுத்துங்கள்.

யாரை எப்போது கூப்பிடுவது

சென்னையில் இந்த வேலைக்கு நல்ல காலம் தை, மாசி. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் முடிந்திருக்கும், தண்ணீர் எங்கே தேங்கியது என்பது கண்ணுக்கு எதிரில் இருக்கும். கார்த்திகையில் தேங்கிய தண்ணீரின் ஓரத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, போட்டோவும் எடுத்து வைத்துவிட்டால், தையில் மேஸ்திரியிடம் வாய்வார்த்தையாகப் பேசவேண்டியதில்லை. சித்திரை வெயிலில் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் கட்டுவது பெரும்பாடு. புரட்டாசி தாண்டித் தொடங்கினால் தோண்டிய குழியில் மழைதான் நிரம்பும்.

பணத்தில் முதலிடம் தரைக்கு என்றாலும், வேலையின் வரிசை இது: பழைய ஷீட் இறக்கம், சம்ப் ஸ்லாபு, பிறகு பூமிக்கடியில் போகவேண்டிய எல்லாப் பைப்பும். அதோடு மீட்டர் பெட்டியிலிருந்து கார் நிற்கும் இடம்வரைக்கும் ஒரு வெற்று கன்ட்யூட் பைப் போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வைத்துவிடுங்கள். மின்சாரக் கார் வாங்கும் எண்ணம் இன்றைக்கு இல்லாமல் இருக்கலாம். வாங்கும் நாளில் 7.2 கிலோவாட் சார்ஜருக்குத் தடித்த கேபிள் இழுக்கவேண்டும், அன்றைக்குப் புதுத் தரையை உடைக்க மனசு வராது. அதன்பின் தூண் குழிகள், ஷெட், கடைசியில் தரை. வெல்டிங் பொறி புது டைல்ஸில் விழுந்து கரும்புள்ளி வைத்த வீடுகள் நிறைய உண்டு, வரிசை மாறியதுதான் காரணம்.

கொட்டேஷன் மூன்று பேரிடம் வாங்கலாம், ஆனால் மூவருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள்: நாலு மட்டங்களின் அளவு, கிராவல் எத்தனை அங்குலம், கல் அல்லது கான்கிரீட்டின் கனம், ஓரக்கட்டை உண்டா, ரப்பிஷ் எடுப்பது யார் செலவு. சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் சொல்லிவிட்டு இந்தக் கேள்விகளுக்கு மழுப்புகிறவர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். தரை முடிந்த அன்றே ஹோஸ் பைப்பைத் திறந்து கால் மணிநேரம் தண்ணீர் விட்டு, எங்கே நிற்கிறது என்று மேஸ்திரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். கூலியில் பத்தில் ஒரு பங்கை முதல் பெரிய மழைவரைக்கும் நிறுத்தி வைப்பதாக ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தையில் முடித்த வேலைக்கு ஐப்பசிவரை காத்திருக்க ஒப்பாதவரிடம் ஆடி மாதத்து மாலை மழைவரைக்காவது பேசிப் பாருங்கள்.